பழைய ஃபிளாட்டை விற்கும் முன் உள்ளே என்ன செய்ய வேண்டும்: முதன்முறை விற்பவர்களுக்கான வழிகாட்டி

வீடு பார்க்க வருகிறவர் ஹாலில் நிற்கும் நேரத்தைவிடக் குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரின் பக்கத்தில் நிற்கும் நேரம்தான் அதிகம். சுவரின் அடியில் பெயின்ட் பொரிந்து வெள்ளைத் தூளாக உதிர்ந்திருந்தால் விரல் நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்ப்பார். வாய்திறந்து எதுவும் சொல்லமாட்டார். ஆனால் மறுநாள் தரகர் கொண்டுவரும் விலையில் அந்தச் சுரண்டலின் கணக்கு இருக்கும். அதுவும் உண்மையில் ஆகக்கூடிய செலவைப்போல இரண்டு மூன்று மடங்காக இருக்கும், ஏனென்றால் கசிவு எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவர் அதற்காக ஒதுக்கிவைக்க நினைக்கும் தொகைக்கு அளவே கிடையாது.

சென்னையில் பழைய அடுக்ககங்களைச் செப்பனிடும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், அண்ணா நகர், அடையாறு போன்ற பகுதிகளில் 1980களிலும் 1990களிலும் கட்டப்பட்ட, எட்டு அல்லது பன்னிரண்டு வீடுகள் கொண்ட சிறிய கட்டடங்களில் ஒரு ஃபிளாட்டை முதன்முறையாக விற்கப்போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அவர்களில் பலர் என்னிடம் முதலில் கேட்பது ஃபால்ஸ் சீலிங்குக்கு எவ்வளவு ஆகும் என்பது. நான் அவர்களிடம் முதலில் கேட்பது, குளியலறைத் தளத்தைக் கடைசியாக எப்போது உடைத்துப் புதிதாகப் போட்டீர்கள் என்பது. விற்பதற்காகச் செய்யும் உள்வேலையில் வாங்குபவரின் சந்தேகத்தைப் போக்கும் செலவே திரும்பி வருகிறது என்பது என் அனுபவம். கீழே வரும் வரிசை அந்த அனுபவத்தை ஒட்டி அமைந்தது.

முதலில், விலை எதுவரை போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பழைய ஃபிளாட்டின் விலையில் பெரும்பங்கு, கட்டடம் நிற்கும் மனையில், பத்திரப்படி உங்கள் பெயரில் இருக்கும் பிரிக்கப்படாத நிலப்பங்குக்கு உரியது. தரகர்கள் யூ.டி.எஸ். என்று சொல்வது இதைத்தான். வாங்குபவர் வீட்டுக்கடன் எடுத்தால், வங்கி அனுப்பும் மதிப்பீட்டுப் பொறியாளர் நிலப்பங்கு, கட்டடத்தின் வயது, சுற்றுவட்டார விலை ஆகியவற்றை வைத்தே மதிப்பு எழுதுவார். நீங்கள் ஆசையாகச் செய்துவைத்த டிவி அலமாரிக்கு அந்தத் தாளில் பெரும்பாலும் இடமிருக்காது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் ரூபாய்வரையிலான கடன் என்றால் மதிப்பில் 90 சதவீதம்வரையும், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம்வரை என்றால் 80 சதவீதம்வரையும், அதற்கும் மேல் என்றால் 75 சதவீதம்வரையுமே கடன் கிடைக்கும். இவை போக, தமிழ்நாட்டில் பொதுவாக 7 சதவீத முத்திரைத்தீர்வையையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணத்தையும் அவர் பெரும்பாலும் கைப்பணத்திலிருந்தே கட்ட வேண்டும். ஆகவே உள் அலங்காரத்துக்கென்று நீங்கள் கூடுதலாகக் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் அவர் கடன் வாங்க முடியாத ரூபாயாக ஆகிவிடுகிறது.

இதனால் உள்வேலையே வேண்டாம் என்று ஆகிவிடாது. உங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும், உங்களுடையதைப் போன்ற வயதும் நிலப்பங்கும் உள்ள வீடுகள், நல்ல நிலையில் இருந்தால் என்ன விலைக்கும் கவனிப்பாரற்று இருந்தால் என்ன விலைக்கும் முடிந்திருக்கின்றன என்று இரண்டு மூன்று தரகர்களிடம் தனித்தனியே கேளுங்கள். அந்த இரண்டு விலைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் உங்கள் உள்வேலையால் கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பலன். அந்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல் செலவழிக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். வேலை என்று தொடங்கிவிட்டால் போட்ட திட்டத்தைத் தாண்டிச் செலவு போகாத வீட்டை நான் பார்த்தது குறைவு.

இரண்டாவதாக, ஒரு நாள் வாங்குபவராக இருந்து பாருங்கள்

குடியிருப்பவர் கண்ணுக்கு வீட்டின் குறை தெரியாது. கையில் ஒரு நோட்டுடன் வாசற்படியிலிருந்து தொடங்குங்கள். காலை பதினொரு மணிக்கு ஒருமுறை, இரவு ஏழு மணிக்கு ஒருமுறை எல்லா அறைக்கும் போங்கள். பகலில் விளக்கைப் போடாதீர்கள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து நீரின் வேகம் குறைகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போடுங்கள். மழைக்காலத்தில் உப்பி நிலையில் இடிக்கும் குளியலறைக் கதவு கட்டாயம் ஒன்று இருக்கும். மேல்வீட்டின் குளியலறைக்குக் கீழே வரும் உங்கள் கூரைப்பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள்.

எழுதிய குறைகளை மூன்றாகப் பிரியுங்கள்: பயமுறுத்துபவை, எரிச்சலூட்டுபவை, பழையதாகத் தெரிபவை. சுவரில் ஏறும் ஈரமாகிய ஓதமும், கசிவும், பழைய வயரிங்கும் முதல் வகை. இடிக்கும் கதவும் சொட்டும் குழாயும் இரண்டாம் வகை. நிறம் மங்கிய டைல்ஸ், வழக்கொழிந்த கைப்பிடி போன்றவை மூன்றாம் வகை. பணம் இந்த வரிசையிலேயே இறங்க வேண்டும். மூன்றாம் வகையில் தொடங்கிக் கையிருப்பைக் கரைத்துவிட்டு முதல் வகைக்கு வரும்போது திண்டாடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை.

மூன்றாவதாகத் தண்ணீர், இங்கேதான் முக்கால்வாசி வேலை இருக்கிறது

நங்கநல்லூரில் ஒரு வீடு. ஓய்வு பெற்ற கணவன் மனைவி, மகளுடன் இருப்பதற்காகப் பெங்களூருக்குப் போகத் தீர்மானித்து வீட்டை விற்கப் போட்டிருந்தார்கள். படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்திருந்தது. “இதன்மேல் வால்பேப்பர் ஒட்டிவிடலாமா தம்பி? ஒட்டினால் தெரியாதல்லவா?” என்று அந்த அம்மா கேட்டார். சுவரின் மறுபுறம் குளியலறை. குழாயில்தான் கசிவா என்பதை மீட்டர் ஓடுவதை வைத்துக் கண்டுபிடிக்க இங்கே தனித்தனி மீட்டர் கிடையாது என்பதால், மேல்தொட்டியிலிருந்து அந்த வீட்டுக்கு வரும் வால்வை இரண்டு நாட்கள் இரவில் மட்டும் மூடிவைக்கச் சொன்னோம். சுவரில் மாற்றமில்லை என்றதும், டைல்ஸில் கைப்பிடி அகலத்துக்குக் கொத்தனார் உளியால் திறந்தார். உள்ளே பழைய ஜி.ஐ. குழாயின், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயின், முழங்கை வளைவு துருவேறிப் பொருக்குத் தட்டியிருந்தது, தொட்டால் கையோடு வந்தது. குழாயைச் சுற்றியிருந்த கலவை பிழிந்தால் நீர் வரும் அளவுக்கு ஊறியிருந்தது. இரவில் சில மணி நேரம் வால்வை மூடியது எதையும் காட்டாததற்கு அந்த ஊறல்தான் காரணம். குளியலறைக் குழாய்கள் அனைத்தையும் துருப்பிடிக்காத பிளாஸ்டிக் வகையான சி.பி.வி.சி.யாக மாற்றினோம். வால்பேப்பர் ஒட்டியிருந்தால் முதல் மழைக்கே அது பிரிந்து தொங்கியிருக்கும். பார்க்க வந்தவர் மறைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தால் அதற்குப் பிறகு எந்த விலையும் பேச்சுக்கு வந்திருக்காது.

1990களுக்கு முந்திய கட்டடம் என்றால் சுவருக்குள் ஜி.ஐ. குழாய்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறையைத் தொடுவதாக இருந்தால் குழாயை மாற்றாமல் புது டைல்ஸ் மட்டும் ஒட்டாதீர்கள். குழாய்கள் ஓடுவதற்காகப் பள்ளமாக விடப்பட்ட தளத்தை உடைத்து, பழைய நிரப்பை அள்ளி, கான்கிரீட்டின் மேல் நீர்க்காப்புப் பூச்சைத் தரையிலும் சுவரில் குறைந்தது ஓரடி உயரத்துக்கும், குளிக்கும் இடத்தில் ஆளுயரத்துக்கும் பூச வேண்டும். பூச்சு காய்ந்தபின், டைல்ஸ் போடுவதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. தரையில் நீர் வெளியேறும் நஹானி ட்ராப்பின் வாயைத் துணியும் பாலித்தீனும் வைத்து அடைத்து, தளத்தில் இரண்டு மூன்று அங்குலம் நீர் நிரப்பி, நீர் நிற்கும் மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டு 48 மணி நேரம் விட்டுவிடுங்கள். வெயிலில் சிறிது ஆவியாகும். அதற்கு மேல் கோடு இறங்கியிருந்தாலோ, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தாலோ வேலை முடியவில்லை என்று பொருள். நீர் நிற்கும் அந்தத் தளத்தையும் கோட்டையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். இந்தப் படத்துக்கு இறுதியில் வேலை இருக்கிறது.

தரை டைல்ஸ் வழுக்காத மேற்பரப்பு உடையதாக இருக்கட்டும். டைல்ஸ் இடைவெளியை நிரப்ப இபாக்சி கிரவுட் என்ற பிசின் கலவையைப் போட்டால், ஆழ்துளைக் கிணற்று உப்பு நீர் படிந்து இரண்டே மாதத்தில் கறுப்பும் வெள்ளையுமாகத் தெரிவது குறையும். இரண்டு கழிப்பறைகள் இருந்து இரண்டிலும் இந்திய வகைப் பீங்கான் இருந்தால் ஒன்றையாவது மேற்கத்திய வகையாக மாற்றுவது நல்லது. மூட்டுவலி உள்ள பெற்றோருடன் வருகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்கிறார்கள். சுவரில் தொங்கும் வகையும் மறைந்த நீர்த்தொட்டியும் பார்க்க அழகுதான், ஆனால் விற்கப்போகிற வீட்டுக்கு அந்தச் செலவு தேவையற்றது.

மேல்மாடி வீடு என்றால் மொட்டைமாடியும், எந்த மாடியானாலும் சன்ஷேடும் ஜன்னலடிக் கல்லும் பார்க்கப்பட வேண்டும். மொட்டைமாடி பொதுச்சொத்து என்பதால் குடியிருப்போர் சங்கத்தின் சம்மதத்துடன்தான் அங்கே கைவைக்க முடியும். அந்தப் பேச்சை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

கசிவை அடைத்த மறுநாளே சுவர் காய்ந்துவிடாது. உப்பு பூத்த பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, மறுபூச்சுப் பூசி, ஒரு வாரம் நீர் தெளித்துப் பதப்படுத்தி, பிறகு சில வாரங்கள் காய விட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க, ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் வையுங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி படிந்திருந்தால் பெயின்டரை வரச்சொல்ல வேண்டாம்.

நான்காவதாக மின்சாரம்

மரப்பலகையில் பீங்கான் ஃபியூஸ் வைத்த வீட்டில் வாங்குபவர் மனத்திலேயே முழு வயரிங்கையும் மாற்றிவிட்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துவிடுவார். மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சுகள் கொண்ட பெட்டியும், மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் பொருத்துங்கள். இரண்டு படுக்கையறைகளுக்கும் ஏ.சி.க்கென்று 4 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன் இழுத்து, பாயின்டும் நீர் வடியும் குழாயும் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். ஏ.சி. வாங்கி மாட்ட வேண்டியதில்லை, அதற்கான வழி இருந்தாலே போதுமானது. சமையலறை மேடைமேல் 16 ஆம்பியர் பிளக் இரண்டு, ஹாலில் இணைய இணைப்புக்கு ஒரு புள்ளி, பெட்டியின் மூடியில் எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டிய சிறு தாள். இவ்வளவுதான், பெரிய விலையுள்ள சுவிட்சுகள் இங்கே விலையைக் கூட்டுவதில்லை.

ஐந்தாவதாகத் தரை, குறிப்பாக மொசைக்

பழைய வீட்டில் மொசைக் தரை இருந்தால், அதன்மேல் விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டிவிடத்தான் எல்லோரும் சொல்வார்கள். தயவுசெய்து அதற்கு முன் ஒருமுறை பாலிஷ் போட்டுப் பாருங்கள். தரையின் மேல் தரை ஒட்டினால் மட்டம் அரை அங்குலத்துக்கு மேல் உயரும். எல்லாக் கதவுகளின் அடியையும் சீவ வேண்டும். குளியலறை வாசற்படியின் உயரம் குறைந்து நீர் அறைக்குள் வர வழி பிறக்கும். பால்கனியின் வாட்டமும் கெடும்.

மொசைக்கை இயந்திரக் கல்லால் முதலில் கரடாகவும், பிறகு படிப்படியாக மெல்லிய கல்லாலும் நீர் விட்டுத் தேய்ப்பார்கள். முதல் நாள் வீடு முழுக்கச் சாம்பல் நிறச் சேறு நிற்கும், பார்ப்பவருக்குக் கலக்கமாகத்தான் இருக்கும். அந்தச் சேற்றை வழித்து ஒரு குவளை நீர் ஊற்றும்போது, முப்பது ஆண்டு அழுக்குக்குக் கீழே இருந்த பச்சை, கருஞ்சிவப்பு, வெள்ளைச் சில்லுகள் அன்றைக்குப் பதித்ததைப் போலத் துலங்கி வரும். இடையில் தெரியும் சிறு குழிகளை அதே நிறச் சிமென்ட் கலந்து அடைத்து, கடைசியில் ஆக்சாலிக் அமிலப் பொடி போட்டு மெருகேற்றுவார்கள். புது டைல்ஸ் போடுவதைவிட இது பல மடங்கு மலிவு. கோடையில் வெறுங்காலுக்கு அதன் குளிர்ச்சியும் தனி. விரிசல் ஓடிய தரை, இடையிடையே உடைத்து வேறு கல் ஒட்டுப்போட்ட தரை என்றால் மட்டும் இளநிற டைல்ஸை வீடு முழுக்க ஒரே வகையாகப் போடுங்கள். அறைக்கு ஒரு நிறம் போட்டால் வீடு சிறுத்துத் தெரியும்.

தேக்கு நிலையும் கதவும் இருந்தால் அவற்றின் பழைய பெயின்டைச் சுரண்டி எடுத்துப் பாலிஷ் போடுங்கள். அந்தக் காலத் தேக்கின் மதிப்பு வாங்குபவருக்குத் தெரியும்.

ஆறாவதாகச் சமையலறை

சமையலறையை முழுக்க மாடுலராக மாற்றலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. வாங்குபவர் தன் பாத்திரங்களுக்கும் பழக்கத்துக்கும் ஏற்பத் தானே அமைத்துக்கொள்ள விரும்புவார் என்பதால், நான் பாதியில் நிறுத்தச் சொல்வேன். கறுத்த மேடையை மாற்றிக் கிரானைட் போடுங்கள், ஆழமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியும் நல்ல குழாயும் வையுங்கள், மேடைக்கு மேல் இரண்டடி உயரத்துக்கு வெளிர் டைல்ஸ், புகைபோக்கிக்குச் சுவரில் துளை, குடிநீர் வடிகட்டிக்கு நீரும் பிளக்கும். மேடைக்குக் கீழ் அலமாரி செய்வதாக இருந்தால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, நீரைத் தாங்கும் பி.டபிள்யூ.பி. வகைப் பிளைவுட்டில் செய்யுங்கள். மலிவு என்று துகள்பலகையில் செய்த அலமாரி தொட்டிக்கடியில் ஊறி உப்பிவிடும். உப்பிய அலமாரி இருப்பதைவிட அலமாரியே இல்லாமல் இருப்பது மேல். பரண் இருந்தால் அதற்குக் கதவு போட்டு மூடுங்கள்.

ஏழாவதாக, எல்லாம் முடிந்தபின் பெயின்ட்டும் வெளிச்சமும்

பட்டி இரண்டு கை, பிரைமர் ஒரு கை, எமல்ஷன் இரண்டு கை என்பது வழக்கமான முறை. பழைய டிஸ்டெம்பர் சுவர் என்றால் முழுக்கச் சுரண்டாமல் மேலே பூசும் எமல்ஷன் ஓராண்டுகூட நிற்காது. நிறம் எல்லா அறைக்கும் ஒன்றே, சற்று மஞ்சள் கலந்த வெள்ளை. ஒற்றைச் சுவருக்கு அடர்நீலமோ கருஞ்சிவப்போ அடிப்பது ஒருவருக்குப் பிடித்து நால்வருக்குப் பிடிக்காமல் போகும். எல்லா அறைக்கும் 4,000 கெல்வின் அளவுள்ள, அதாவது மஞ்சளும் நீலமும் தூக்கலாக இல்லாத வெள்ளை ஒளி தரும் எல்.ஈ.டி. விளக்குகளை ஒரே மாதிரியாகப் போடுங்கள். ஒரு விளக்கு நீலவெள்ளையாகவும் இன்னொன்று மஞ்சளாகவும் எரியும் வீட்டில் புதுப் பெயின்டும் அழுக்காகத் தெரியும். ஜன்னல் கம்பிகளைத் துருநீக்கிப் பூசி, புதுக் கொசுவலை மாட்டுங்கள். சென்னையில் ஜன்னலைத் திறந்துவைக்க முடிகிற வீடு என்று காட்டுவதற்கு அதுவே போதும்.

செய்ய வேண்டாத வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். ஃபால்ஸ் சீலிங் கூரையின் உயரத்தைக் குறைப்பதோடு, மேலே எதை மறைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியையும் எழுப்பும். வால்பேப்பரும் அப்படித்தான். பால்கனியை அடைத்து அறையாக்குவது, சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்குவது ஆகிய இரண்டும் அனுமதி பெற்ற வரைபடத்திலிருந்து விலகுவதாக ஆகி, வங்கி மதிப்பீட்டின்போது கடனுக்கே தடையாக வரலாம். பழைய கட்டடத்தில் ஒன்பதங்குலச் சுவர் சுமைதாங்கும் சுவராகவும் இருக்கலாம். வாஸ்துவுக்காகச் சமையலறையையே அக்னி மூலைக்கு மாற்ற முற்படாதீர்கள். நம்புகிறவர் எப்படியும் தன் ஜோசியரைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார்.

ரசீதுகள்

ஒவ்வொரு வேலைக்கும் ரசீது வாங்கி, பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் வரும் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீத வரி. அந்த நாளுக்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் குறியீட்டுச் சலுகையுடன் 20 சதவீதம் என்ற பழைய முறையிலும் கணக்கிட்டு, எது குறைவோ அந்த வரியைக் கட்டலாம். வீட்டை மேம்படுத்தச் செய்த மூலதனச் செலவை ஆதாயத்திலிருந்து கழித்துக்கொள்ள இடமுண்டு. வெறும் பெயின்ட்டும் சிறு பழுதும் பொதுவாக அதில் சேராது. எந்தச் செலவு எதில் சேரும் என்று உங்கள் ஆடிட்டரிடம் வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

காலமும் காட்டும் முறையும்

சென்னையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை இருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் குழாய், நீர்க்காப்பு, பூச்சு வேலைகளைத் தொடங்கினால் சுவர் விரைவில் காயும். ஆடியில் பலர் பத்திரம் பதிய மாட்டார்கள் என்பதால் அந்த மாதத்தைத் தரைக்கும் பெயின்டுக்கும் வைத்துக்கொண்டு, ஆவணியிலிருந்து வீட்டைக் காட்டலாம். ஐப்பசி மழை பெய்யும் நாளில் பார்க்க வருகிறவரைத் தவிர்க்காதீர்கள். வெளியே மழை கொட்டும்போது உள்ளே காய்ந்து நிற்கும் சுவரைப் போல் உங்களுக்காகப் பேசுவது வேறெதுவும் இல்லை.

வீடு பூட்டிக் கிடந்தால், குளியலறை ட்ராப்பில் நிற்கும் நீர் சில வாரங்களில் வற்றிச் சாக்கடை நாற்றமும் கரப்பான்பூச்சியும் உள்ளே வரும். காட்டுவதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு ட்ராப்பிலும் ஒரு வாளி நீர் ஊற்றி, ஜன்னல்களை இரண்டு மணி நேரம் திறந்துவையுங்கள். நறுமணத் தெளிப்பான் அடிக்க வேண்டாம்.

வந்தவர் அந்தப் படுக்கையறைச் சுவரின் பக்கம் போவதற்கு முன் நீங்களே அவரை அங்கே அழைத்துப் போங்கள். இங்கே கசிவு இருந்தது, இன்ன மாதம் குழாயை மாற்றினோம் என்று சொல்லி, தளத்தில் நீர் நிறுத்திய படத்தையும் பிளம்பர் ரசீதையும் அவர் கையில் கொடுங்கள். நகத்தால் சுரண்டிப் பார்க்கட்டும். நங்கநல்லூர் வீட்டை வாங்கியவர் சுரண்டிப் பார்த்தார், படத்தைத் தன் மனைவியிடம் நீட்டினார், பிறகு பால்கனி எந்தத் திசை என்று கேட்டார். அந்தச் சுவரைப் பற்றி அதன்பின் பேச்சே எழவில்லை.